கப்பல் ஏட்டில் ஒரு வரி

ஒரு வரிதான் இருக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம் என்று பதினோரு கட்டம். ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறிய ஒரு மனிதரைப் பற்றிக் காலனிய அரசு எழுதி வைத்தது பெரும்பாலும் இவ்வளவே. நாலாம் ஐந்தாம் தலைமுறைப் பேரப்பிள்ளைகள் டர்பனிலிருந்தும் போர்ட் லூயியிலிருந்தும் இந்த ஒரு வரியின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ‘எங்கள் ஊர் எது?’ என்று கேட்கிறார்கள். தென்னாற்காட்டில், குறிப்பாகத் திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி வட்டாரங்களில் இருக்கிற நாம் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் அக்கறையோடு எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. ஏனென்றால் வரியின் மறுமுனை இங்கேதான் இருக்கிறது. அல்லது, இருந்தது.

முதலில் கணக்கு. 1860 அக்டோபரில் சென்னையில் கிளம்பிய ‘ட்ரூரோ’ என்ற கப்பல் நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்றிலிருந்து 1911 வரை 384 கப்பல்களில் 1,52,184 பேர் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்களுக்கு அதில் பெரிய இடம் உண்டு. மொரீஷியஸ் இதற்கெல்லாம் முந்தியது. 1834இல் தொடங்கி சுமார் நாலரை லட்சம் பேர். பிஜிக்கு 1879 தொடங்கி 1916 வரை அறுபதாயிரத்துக்கு மேல்; அதில் சென்னைக் கப்பல்கள் 1903இல்தான் ஆரம்பிக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியனுக்கும், அப்பால் குவாதலூப், மார்த்தினீக் தீவுகளுக்கும் ஏற்றியது தனிக்கணக்கு. நம்ம பக்கத்து மோரிஸ் வாழைப்பழத்துக்குப் பெயர் அந்தத் தீவிலிருந்து வந்தது என்று சொல்வோர் உண்டு. பழத்தின் பெயர் நாக்கில் தங்கிவிட்டது, போன ஆளின் பெயர் தங்கவில்லை.

விளங்கிக்கொள்வதற்காக ஒரு வரியைக் கற்பித்துக்கொள்வோம். (இது எந்த ஏட்டிலும் உள்ளதல்ல, நான் கட்டியது. ஆனால் இதைப் போன்றவை ஆயிரக்கணக்கில் உண்டு.) முனியன், தகப்பன் பெயர் கோவிந்தன், வயது 24, ஆண், சாதி ‘மலபார்’, ஜில்லா ‘ஆற்காடு’, கிராமம் ‘பிரமதேசம்’, உயரம் ஐந்தடி மூன்றங்குலம், இடது முழங்காலில் தழும்பு.

இந்த வரியில் எது உண்மை?

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். ‘முனியன்’ என்பது மூன்று வாய்களைக் கடந்து காகிதத்துக்கு வருகிறது. சொன்னவர் வாய், ஆள் பிடித்துக் கொண்டுவந்தவன் வாய், குமாஸ்தாவின் வாய். கடைசி ஆள் அதை ஆங்கில எழுத்தில் எழுதுகிறான். சென்னை டெப்போவில் எழுதியவனுக்காவது தமிழ் காதில் விழுந்திருக்கும். அக்கரையில் அதைப் பார்த்துப் பெயர்த்தெழுதியவனுக்கு அதுவும் இல்லை. முனியன், முன்னியன், முனியாண்டி, மூணியன் எல்லாம் ஒரே ஆளாக இருக்கலாம், நாலு ஆளாகவும் இருக்கலாம். அங்கே போனபின் தோட்டத்துரைக்கு எல்லா ஆண்களும் ‘சாமி’, எல்லாப் பெண்களும் ‘மேரி’. பிறகு குழந்தையின் பிறப்பைப் பதியப் போனால் குடும்பப்பெயர் எது என்று கேட்பார்கள். நமக்கு ஏது குடும்பப்பெயர்? தகப்பன் பெயரைச் சொன்னால் அது குடும்பப்பெயர் ஆயிற்று. சாதிப் பட்டத்தைச் சொன்னால் அது ஆயிற்று. கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனதும், முதலியார் ‘மூட்லி’ ஆனதும் இப்படித்தான். அண்ணன் தகப்பன் பெயரையும் தம்பி பட்டத்தையும் சொல்லியிருந்தால் அடுத்த தலைமுறையில் அவர்கள் இரண்டு குடும்பம். ஆக, பெயரை வைத்துத் தேடுகிறவர் சுற்றிச் சுற்றி வரவேண்டியதுதான். எண்ணை வைத்துத் தேடினால் ஓரளவு பிழைக்கலாம். நேட்டாலில் ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். கூலி வழங்குவது, தண்டனை, கல்யாணப் பதிவு, சாவு எல்லாவற்றிலும் அந்த எண் தொடர்ந்து வரும். பெயர் உருமாறிக்கொண்டே இருக்கும், எண் மாறாது. மனிதனைவிட எண் நிலையானது என்பதில் எனக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் நடைமுறையில் அதுதான் வழி. அதிலும் ஒரு விதிவிலக்கு. ஒப்பந்தம் முடித்துத் திரும்பி வந்து, இங்கே பிழைக்க வழியில்லாமல் மறுபடி கப்பலேறியவருக்குப் புது எண் விழுந்தது. ஏட்டில் அவர் இரண்டு பேர்.

வயதுக் கட்டத்தை நம்பவே கூடாது என்பேன். நம்முடைய பாட்டன்மாருக்குத் தம் வயது தெரியாது என்பது மட்டும் காரணமல்ல. வயதைக் கூட்டவும் குறைக்கவும் இரு தரப்புக்கும் ஆதாயம் இருந்தது. வளர்ந்த ஆணுக்கு முதல் வருஷம் மாசம் பத்து ஷில்லிங் சம்பளம், சிறுவனுக்குக் குறைவு. முதிர்ந்தவரைத் துரைமார் வேண்டாம் என்பார்கள். எனவே ஆள் பிடிக்கிறவன் நாற்பதை முப்பது ஆக்குவான். 1895இல் நேட்டால் அரசு ஒப்பந்தம் முடிந்தும் தங்குகிறவர்கள்மேல் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி போட்டது. பின்னால் அதைப் பிள்ளைகள்மேலும் நீட்டி, ஆணுக்கு 16, பெண்ணுக்கு 13 என்று வரம்பு வைத்தபோது, அந்த வயதைத் தாண்டாத பிள்ளைகள் பெருகியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கப்பல் பட்டியலில் ஒரு வயது, கல்யாணப் பதிவில் ஒரு வயது, சாவுப் பத்திரத்தில் ஒரு வயது என்று முரண்பட்டால் எது சரி என்று கேட்பதைவிட, ஒவ்வொரு வயதும் யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டுப் பார்ப்பது பலன் தரும்.

உயரம், தழும்பு இவற்றைக் குமாஸ்தா தன் கண்ணால் பார்த்து எழுதினான். அதனால் இந்த வரியிலேயே நம்பத்தகுந்தவை இவைதான். ஏன் எழுதினான்? ஓடிப்போனால் பிடிப்பதற்கு. முனியனின் மனசில் என்ன இருந்தது, பெண்டாட்டி பிள்ளை இருந்தார்களா, ஏன் கிளம்பினான் என்பதற்கெல்லாம் கட்டம் கிடையாது. முழங்கால் தழும்புக்குக் கட்டம் உண்டு. மொரீஷியஸில் இது இன்னும் ஒரு படி போனது. 1867ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தம் முடித்த ‘பழைய குடியேறி’யும் தன் புகைப்படம் ஒட்டிய சீட்டைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்றது. இல்லையென்றால் கைது. இன்று மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் அந்தப் படங்கள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் கண்ணீரோடு பார்க்கிற பாட்டனின் ஒரே முகம் போலீஸ் எடுக்கவைத்த முகம். பூக்கோ 1977இல் எழுதிய ‘இழிபெயர் மனிதர்களின் வாழ்க்கை’ என்ற கட்டுரை இங்கு நினைவுக்கு வருகிறது. அதிகாரத்தோடு மோதிய ஒரு கணத்தில் அந்த வெளிச்சம் மேலே விழுந்திராவிட்டால் இவர்களைப் பற்றி நமக்கு ஒரு சொல்கூடக் கிடைத்திருக்காது என்பது அவர் வாதத்தின் சாரம். நேட்டாலில் இது அப்படியே பொருந்துகிறது. ஒழுங்காக வேலை செய்து, அடிவாங்கிக்கொண்டு, புகார் சொல்லாமல் செத்தவருக்கு ஒரு வரி. துரைமேல் புகார் சொன்னவருக்கு, ஓடிப் பிடிபட்டவருக்கு, தூக்கில் தொங்கியவருக்குப் பத்துப் பக்கம். அஷ்வின் தேசாயும் கூலம் வாஹெதும் 2007இல் வெளியிட்ட நூலில் மனிதர்கள் கொஞ்சமாவது மனிதர்களாகத் தெரிவதற்குக் காரணம், ‘இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர்’ என்ற பெயரில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் கோப்புகளில் இந்தப் புகார்கள் தேங்கியிருந்ததுதான்.

பெண்கள் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்ற வேண்டும் என்பது விதி. எண்ணிக்கை குறைந்தால் கப்பல் கிளம்பாது. ஆகவே டெப்போவிலேயே ஜோடி சேர்ந்தது நிறைய. ‘டெப்போ கல்யாணம்’ என்று அதற்குப் பெயரே உண்டு. ஏட்டில் ‘முனியன் பெண்சாதி’ என்று எழுதப்பட்டவள் முனியனின் ஊர்க்காரி என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை. அவள் விசாகப்பட்டினத்துக்காரியாக இருக்கலாம். புருஷன் செத்துப் பிழைக்க வழியில்லாமல் தனியே வந்தவளாக இருக்கலாம். வம்சாவளி தேடுகிறவர்கள் தகப்பன் வழியையே தேடுவதால் அவளுடைய ஊர்க்கட்டத்தை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. இங்கே ஊரில் விட்டுவிட்டுப் போன பெண்சாதிக்கோ எந்த ஏட்டிலும் கட்டமே இல்லை.

சாதிக் கட்டம்தான் வம்பு. ஆரம்பக் காலப் பட்டியல்களில் ‘மலபார்’ என்று இருக்கும். கேரளம் என்று நினைத்துவிடக் கூடாது, தமிழன் என்று பொருள். தெலுங்கனுக்கு ‘ஜெண்டூ’. பின்னால் வந்த ஏடுகளில் சாதியைச் சாதியாகவே எழுதினார்கள். ஆனால் அதுவும் பேரம்தான். தென்னாற்காட்டில் ஒரே சமூகத்தார் அன்றைய குடிக்கணக்கில் ஒரு பெயரால் எழுதப்பட்டு, ‘வன்னியகுல க்ஷத்திரியர்’ என்று எழுதுங்கள் என 1871இல் மனுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் நாயக்கர், படையாச்சி, கவுண்டர் என்று பட்டம் வேறு. ஒரே தெருக்காரர் மூவர் மூன்று கப்பலில் போனால் ஏட்டில் மூன்று சாதி. கப்பலில் ஒரு பெயரும் கரும்புத் தோட்டத்தில் வேறு பெயருமாக மாறிக்கொண்டவர்களும் உண்டு. அதை மோசடி என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஊரில் மாற்ற முடியாததைக் கடல் கடந்து மாற்றிக்கொள்ள முடிந்தது என்றால், அந்தப் பயணத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுவாகவும் இருக்கலாம். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. இன்று தேடி வருகிற சிலர் பாட்டனாரைத் தேடுவதோடு நில்லாமல், ஒரு நல்ல சாதியையும் சேர்த்துத் தேடுகிறார்கள். ஏட்டில் ‘பறையர்’ என்று இருந்தால் ‘குமாஸ்தா தப்பாக எழுதியிருப்பான்’ என்று ஒதுக்குவதும், ‘முதலியார்’ என்று இருந்தால் அப்படியே நம்புவதும் ஒரே ஏட்டை இரண்டு விதமாக வாசிப்பது ஆகாதா? குமாஸ்தா தப்புச் செய்பவன் என்றால் இரண்டிலும் செய்வான்.

இனி ஊர். பிரமதேசம் என்று ஏட்டில் இருக்கிறது. பிரம்மதேசம் என்றால் எது? திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பக்கம் ஒரு பிரம்மதேசம் உண்டு. விழுப்புரத்தை ஒட்டி, எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில், சோழர் கல்வெட்டுகளோடு ஒரு பிரம்மதேசம். செய்யாற்றுப் பக்கம் இன்னொன்று, அது வட ஆற்காடு. அம்பாசமுத்திரத்தருகே ஒன்று, அதை ‘ஆற்காடு’ என்ற சொல்லை வைத்து விலக்கிவிடலாம். மீதி மூன்று. ஜில்லாக் கட்டத்தில் வடக்கா தெற்கா என்று இல்லாமல் வெறும் ஆற்காடு என்று இருந்தால் மூன்றுமே நிற்கும். நல்லூர், புதூர், பேட்டை, பாக்கம் என்று முடிகிற ஊர்களின் கதையைச் சொல்லவே வேண்டாம். தாலுகாக் கட்டத்தில் ‘திண்டிவனம்’ என்று இருந்தாலும் நிம்மதியாகிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திண்டிவனம் தாலுகாவும் இன்றைய வட்டமும் ஒன்றல்ல. செஞ்சிப் பக்கத்து ஊர்கள் பல அன்று இதில் அடங்கியிருந்தன. தென்னாற்காடு 1993இல் பிரிக்கப்பட்டது, 1997இல் மாவட்டங்களின் பெயர்கள் மாறின, 2019இல் கள்ளக்குறிச்சி தனியாகப் போனது. 1906இல் வெளிவந்த பிரான்சிஸின் தென்னாற்காடு கெசட்டியரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இன்றைய வரைபடத்தில் விரலை வைப்பது வீண் வேலை. (திண்டிவனம் என்ற பெயரே புளியங்காடு என்ற பொருளுள்ள வடசொல்லின் தேய்வு என்பார்கள். சிறுபாணாற்றுப்படையின் நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடக்கம். ஊரே பெயர் மாறி நிற்கையில் ஆளைச் சொல்வானேன்.)

சொன்ன ஊர் சொந்த ஊர்தானா என்பது அடுத்த கேள்வி. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பிக் கஞ்சித்தொட்டி தேடி அலைந்து சென்னை வந்தவர் எந்த ஊரைச் சொல்லியிருப்பார்? பிறந்த ஊரா, பண்ணையாளாக இருந்த ஊரா, பெண் எடுத்த ஊரா? மிராசுதாரிடம் கடன்பட்டு ராவோடு ராவாகக் கிளம்பியவர் சரியான ஊரைச் சொல்லித் தானே மாட்டிக்கொள்வாரா? இன்னொரு பக்கம், பிஜிக்குப் போன வட இந்தியர்களின் 45,439 அனுமதிச் சீட்டுகளையும் கணினியில் ஏற்றி ஆராய்ந்த பிரிஜ் லால் (அவரே ஒரு கிர்மித்தியாவின் பேரன்), விவரங்கள் மொத்தத்தில் நம்பத்தக்கவை என்ற முடிவுக்கே வந்தார். 1860 முதல் 1902 வரையிலான நேட்டால் பட்டியல்களை வைத்து சுரேந்திர பானா 1991இல் செய்த ஆய்வும் அந்தத் திசையில்தான் போகிறது. இதில் முரண்பாடு இல்லை. நாற்பத்தைந்தாயிரம் வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் எந்த ஜில்லாவிலிருந்து எத்தனை பேர் என்பது துலங்கும். ஒரு பிழை இன்னொரு பிழையைச் சமன்செய்துவிடும். ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்குச் சமன்செய்ய ஒன்றுமில்லை. புள்ளியியலுக்குப் போதுமானது பேரனுக்குப் போதாது.

புதுச்சேரி குறுக்கிடுவதால் நம் வட்டாரத்தில் சிக்கல் இரட்டிப்பு. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி கால்நடையாக ஒரு நாள் தூரம், சென்னையோ அதைப்போல மூன்று மடங்கு. பிரெஞ்சு எல்லையும் ஆங்கில எல்லையும் அங்கே கோடு போட்டாற்போல் இல்லை. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு என்று வயலுக்கு வயல் பின்னிக் கிடந்தன. 1860, 1861இல் இங்கிலாந்தும் பிரான்சும் உடன்படிக்கை செய்துகொள்ளும்வரை ஆங்கிலப் பகுதியில் பிரெஞ்சுத் தரகர்கள் ஆள் பிடிப்பது சட்டவிரோதம். பிடித்தார்கள், சந்தேகமில்லை, பிடிபட்டவரை ‘புதுச்சேரி’ என்று எழுதினார்கள். ரீயூனியனிலோ குவாதலூப்பிலோ ஒரு குடும்பம் ‘எங்கள் பாட்டன் புதுச்சேரி’ என்றால், அது துறைமுகத்தின் பெயராக இருக்கச் சாத்தியம் அதிகம். ஆங்கில அரசு ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை 1882இலும் குவாதலூப்புக்கு அனுப்புவதை 1888இலும் நிறுத்தியது. நிறுத்தியபின் போன ஒருவர் தம் ஊரை என்னவென்று சொல்லியிருப்பார் என்பது ஊகத்துக்குரியது.

துறைமுகம் எது என்பது வெறும் வம்சாவளிப் பிரச்சினை அல்ல. குவாதலூப்பில் ஒப்பந்தக் கூலிக்குப் பிறந்த ஹென்றி சிதம்பரம் (அங்கே ‘சிதாம்பரொம்’) 1904இல் தம்மவர் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முயன்றார். இவர்கள் பிரெஞ்சுப் பிரஜைகள் அல்லர் என்று அரசு தடுத்தது. அங்கேயே பிறந்தவர்கள், ஆனால் தகப்பன் யாருடைய பிரஜை என்ற கேள்வி அவர்களை விடவில்லை. 1923வரை வழக்காடித்தான் அந்த உரிமை கிடைத்தது. தகப்பன் வந்த ஏட்டின் ஒரு கட்டம் மகனின் வாக்குச்சீட்டைப் பத்தொன்பது ஆண்டு தள்ளிப்போட்டது.

சரி, அக்கரை ஏடு இவ்வளவுதான். இக்கரையில் என்ன இருக்கிறது? கிராமத்துக்கு வந்து ‘1880களில் இங்கிருந்து போனவர் பற்றி ஏதாவது கணக்கு இருக்கிறதா’ என்று கேட்டால் விஏஓ என்ன செய்வார், பாவம். கர்ணம், மணியக்காரர் முறை 1980இல் ஒழிந்தது. அவர்கள் வீட்டுப் பரணில் இருந்த கட்டுகள் எங்கே போயின என்பது அந்தந்த வீட்டுக் கறையானுக்குத் தெரியும். இருந்தாலும் லாபமில்லை. சிட்டா, அடங்கல், பட்டா எல்லாம் நிலத்தின் கணக்கு. நிலம் உள்ளவன் பெயர் அதில் வரும். கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் படியாள், பண்ணையாள், கூலி, குத்தகை. நிலம் இல்லாததால்தான் போனார்கள்; அதனால்தான் கணக்கில் இல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுக்கு முறையான சட்டம் சென்னை மாகாணத்தில் 1899இல்தான் வருகிறது. அதற்குள் பாதிக் கப்பல்கள் போய்விட்டன.

ஒரு விதிவிலக்கு கிறித்தவர்கள். பாரிஸ் வேதபோதக சபையின் பங்குகளில் ஞானஸ்நானப் பதிவேடு ஒழுங்காக இருந்தது: பிள்ளை, தகப்பன், தாய், ஞானத்தாய் தகப்பன், ஊர். முதல் கப்பலிலேயே கிறித்தவர்கள் இருந்தார்கள். டர்பனில் சபோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அவர்களுக்காகத் தமிழ் கற்றுக்கொண்டார். நேட்டால் கத்தோலிக்க இந்தியர்களை ஜாய் பிரெயின் ஆராய முடிந்ததும், இக்கரையிலும் அக்கரையிலும் ஒரே சபை ஒரே விதமாக எழுதியதால்தான். ஊருக்கு வெளியே சேரியில் பிறந்து முழுக்குப் பெற்ற குழந்தைக்கு லத்தீன் முறையில் ஒரு பதிவு இருக்கிறது, ஊருக்குள் பிறந்த கூலிக்காரன் பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. நம் சமூக வரலாற்றின் கோணல்களில் இதையும் குறித்துவைக்கலாம்.

ஊராரைக் கேட்டால்? கேட்டுப் பார்த்தால் தெரியும். ‘அப்படி யாரும் போவலீங்க’ என்பதுதான் முதல் பதில். போனது அவமானம் என்பதால் மறைத்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. நினைவுக்கும் சொத்து வேண்டும். பங்கு பிரிக்க நிலம் இருக்கிற குடும்பத்தில்தான் ‘ஒரு பங்காளி காணாமல் போனான்’ என்பது மூன்று தலைமுறைக்கு நினைவிருக்கும், வில்லங்கம் வருமே என்ற பயத்தில். பங்கு இல்லாதவன் போனால் ஒரு வாய்க்கூழ் மிச்சம். அடுத்த தலைமுறைக்கு அவன் பெயரை வைத்துக்கொண்டு ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

ஆனால் எழுதப்படாத ஏடு ஒன்று உண்டு. அது சாமி. செஞ்சியை அடுத்த மேலச்சேரியை மூலத்தலமாகச் சொல்லுகிற திரௌபதியம்மன் வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டபைட்டல் விரிவாக ஆராய்ந்து 1988இல் நூலாக்கினார். பாரதக்கூத்து, அருச்சுனன் தபசு, படுகளம், தீமிதி என்று தொடர்கிற அந்த விழாவின் மையம் இந்தச் செஞ்சி வட்டாரம். இதே தீமிதி நேட்டாலில், மொரீஷியஸில், ரீயூனியனில், பிஜியில் இன்றும் நடக்கிறது. ரீயூனியனில் கூத்துக்கு ‘நர்ல்கோன்’ என்று பெயர். நாடகம் என்ற சொல்தான் அப்படியாயிற்று. குவாதலூப்பிலும் மார்த்தினீக்கிலும் ‘மல்தெவிலேன்’ என்றொரு சாமிக்குக் கடா வெட்டுகிறார்கள். காது கொடுத்துக் கேட்டால் மதுரைவீரன். தமிழ் பேச்சில் அற்றுப்போன பிறகும் இந்தப் பெயர்கள் நிற்கின்றன. ஒரு குடும்பம் எந்தச் சாமிக்கு, எந்த மாசம், என்ன படையல் போடுகிறது, உடுக்கையா பறையா, பொங்கலா கடாவா என்று கேட்டு எழுதிக்கொண்டால் ஊர் கிடைக்காது. வட்டாரம் கிடைக்கும். தஞ்சாவூரா தென்னாற்காடா என்ற அளவுக்காவது கிடைக்கும். வம்சாவளி தேடுகிறவர்கள் காப்பகத்துக்குக் கட்டணம் கட்டுகிறார்கள், வீட்டுப் பாட்டியிடம் இதைக் கேட்பதில்லை.

ஆவணம் நிறைய இருந்துவிட்டால் முரண்பாடு தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. தில்லையாடி வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், சிறை சென்றவர், விடுதலையான சில நாளில் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தவர். அந்த ஜூலையில் பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் அவருடைய கல்லறைக்கல்லையும், 1909இல் சிறைக்கொடுமையால் இறந்த இளைஞர் நாகப்பன் படையாச்சியின் கல்லையும் காந்தி திறந்துவைத்தார். இவ்வளவு புகழ் பெற்றவர். ஆனால் தகப்பனார் முனுசாமி முதலியார் எந்த ஊர்? தாய், தந்தை இருவருமே தில்லையாடி என்று ஒரு கூற்று. தாய்தான் தில்லையாடி, தந்தை புதுச்சேரி என்று இன்னொன்று. பிறந்த தேதி 1898 பிப்ரவரி 22 என்று எழுதுகிறார்கள், அதாவது இறந்த அதே நாள். நடக்கக்கூடாதது அல்ல. ஆனால் பதினாறு வயது என்ற செய்தியிலிருந்து பின்னோக்கிக் கழித்து யாரோ கண்டுபிடித்த தேதியாக இருக்குமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. தான் கண்ணால் பார்த்திராத ஊர் அவர் பெயருக்கு முன்னொட்டாகி, எழும்பூரில் ஒரு மாளிகைக்கும் ஏறிவிட்டது. நாகப்பனுக்கு அந்த முன்னொட்டும் இல்லை. ‘படையாச்சி’ என்ற பட்டம் தென்னாற்காட்டையும் காட்டும், தஞ்சாவூரையும் காட்டும். அதற்கு மேல் ஊர் சொல்ல முடியாது.

இதுவரை பேசியது ஏடு உள்ளவர்களைப் பற்றி. இலங்கைக்குக் கங்காணி பின்னால் போனவர்களுக்கு இப்படிப் பதினோரு கட்டம் போட்ட கப்பல் பட்டியலே கிடையாது. 1901 வாக்கில் தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்கள். தகரத்தில் தோட்டம் இருந்தது, ஆள் இல்லை. 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் அங்கே பிறந்ததற்கு, இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததற்கு, ஆதாரம் கேட்டது. லயத்தில் பிறந்த பாட்டனுக்கு ஏது பிறப்புச் சான்றிதழ்? ஒரு சட்டத்தில் பல லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைத் தலை எண்ணிப் பங்குபோட்டது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

1983க்குப் பின் அகதிகளாக வந்தவர்களில் இந்த மலையகத்தாரும் உண்டு. புதுச்சேரியை அடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் கீழ்புத்துப்பட்டில் ஒரு முகாம் இருக்கிறது. 2021 முதல் இம்மாதிரி முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர். தமிழ்நாட்டின் இத்தகைய முகாம்களில் உள்ள மலையக வம்சாவளியினர், எங்கள் பாட்டன் இந்தியாவிலிருந்து போனவர், எங்களைக் குடிமக்களாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுவருகிறார்கள். திருச்சி முகாம்களைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்கள் விண்ணப்பங்களை அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 2024 மார்ச்சில் மொரீஷியஸ் போன குடியரசுத் தலைவர், அங்குள்ள இந்திய வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறைவரை வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை கிடைக்கும் என்று அறிவித்தார். கப்பல் ஏட்டில் ஒரு வரி வைத்திருக்கிற அந்தப் பேரப்பிள்ளைகள் அதன் நகலை விண்ணப்பத்தோடு இணைப்பார்கள். முகாமில் இருப்பவர் இணைக்க வேண்டியது பாட்டன் சொன்ன ஊர்ப்பெயரையும் குலதெய்வத்தையும்தான். விண்ணப்பத்தில் அவற்றுக்குக் கட்டம் இல்லை.